பாதுகாப்பு வடிவமைப்பில் எதைத் ‘தவறான பயன்பாடு’ என்று ஒதுக்கலாம்?

கேள்வி இதுதான்: ஓர் இயந்திரத்தின் மூடியைத் திறந்தால் மோட்டார் நின்றுவிடும்படி ஸ்விட்ச் பொருத்தப்பட்டிருக்கிறது. பயனர்களில் சிலர் அந்த ஸ்விட்சின் மேல் டேப்பை ஒட்டி, அது எப்போதும் அமுங்கியே இருக்கும்படி செய்துவிட்டு, மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை பார்க்கிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது என்று கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறது. எனவே இது தவறான பயன்பாடு, இடர் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டியதில்லை என்று விட்டுவிடலாமா?

இது தவறான பயன்பாடுதான். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அப்படிப் பெயர் சூட்டியதும் அது மதிப்பீட்டை விட்டு வெளியேறிவிடும் என்ற முடிவுதான் பிழை. இடர் மதிப்பீட்டைப் பற்றிப் பேசும் முக்கியமான தரநிலைகள் எல்லாம் தவறான பயன்பாட்டை இரண்டாகப் பிரித்து, அதில் பெரும்பகுதியை வடிவமைப்பாளரின் மேசையிலேயே வைத்துவிடுகின்றன. வெளியே தள்ளிவிடக்கூடிய மிச்சம் மிகச் சிறியது.

தரநிலைகளை எழுதுவோருக்காக ஐஎஸ்ஓ, ஐஇசி என்ற பன்னாட்டுத் தரநிலை அமைப்புகள் இரண்டும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி 51, இயந்திரங்களுக்கான ஐஎஸ்ஓ 12100, மருத்துவச் சாதனங்களின் இடர் மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 14971-இன் 2019 பதிப்பு ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே வரையறையைத் தருகின்றன: தயாரித்தவர் கருதாத முறையில் பொருள் பயன்படுத்தப்படுகிறது, ஆனால் அந்தப் பயன்பாடு எளிதில் ஊகிக்கக்கூடிய மனித நடத்தையிலிருந்து எழுகிறது. நியாயமாக முன்கூட்டியே ஊகிக்கத்தக்க தவறான பயன்பாடு என்று இதைச் சொல்வார்கள்; நீளத்தைக் கருதி, இனி ஊகிக்கத்தக்க தவறான பயன்பாடு என்றே குறிப்பிடுகிறேன். இந்த வரையறையில் இல்லாதவற்றைக் கவனியுங்கள். பயனர் அலட்சியமாக இருந்தாரா, எச்சரிக்கையைப் படித்தாரா, தெரிந்தே செய்தாரா என்ற கேள்விகளுக்கு அதில் இடமே இல்லை. மனிதர்கள் இப்படி நடந்துகொள்வார்கள் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்ற ஒன்றுதான் அங்கே அளவுகோல். ஐஎஸ்ஓ 14971 ஒரு படி மேலே போய், இத்தகைய பயன்பாடு வேண்டுமென்றே செய்யப்பட்டதாகவும் இருக்கலாம், தெரியாமல் நேர்ந்ததாகவும் இருக்கலாம் என்று குறிப்பே எழுதி வைத்திருக்கிறது.

ஐஎஸ்ஓ 12100 எந்தெந்த நடத்தைகளைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். இயந்திரத்தை இயக்குபவர் கட்டுப்பாட்டை இழப்பது, ஏதாவது கோளாறு நேரும்போது அனிச்சையாகக் கையை நீட்டுவது, கவனக்குறைவு, குறைந்த உழைப்பில் முடியும் வழியைத் தேர்ந்துகொள்வது, எந்த நிலையிலும் இயந்திரத்தை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும் என்ற நெருக்கடி, குழந்தைகள் போன்றோரின் நடத்தை என்று அது வரிசைப்படுத்துகிறது. மூடி ஸ்விட்சின் மேல் டேப் ஒட்டுவது இவற்றில் இரண்டில் நேரடியாகப் பொருந்துகிறது. குறைந்த உழைப்பில் முடியும் வழி அது. உற்பத்தி நெருக்கடிக்குப் பணிந்து செய்யப்படுவதும் அதுவே.

இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. யார் மீது குற்றம் என்பது ஒரு கேள்வி. அதை நீதிமன்றமும் காப்பீட்டு நிறுவனமும், சில சமயம் மேலாளரும், நடந்து முடிந்த ஒரு நிகழ்வைப் பின்னோக்கிப் பார்த்துக் கேட்பார்கள். எந்த ஆபத்தைக் குறைக்க வேண்டும் என்பது வேறொரு கேள்வி. அதை வடிவமைப்பாளர் இன்னும் நடக்காத ஆயிரம் நிகழ்வுகளை முன்னோக்கிப் பார்த்துக் கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு ‘பயனர்தான்’ என்ற விடை முழுக்க நியாயமாகவே இருக்கலாம். அப்போதும் இரண்டாவது கேள்விக்கு அது விடையாகாது. வெட்டுப்பட்ட விரல் யாருடைய தவறால் வெட்டுப்பட்டது என்பதைப் பொறுத்து வலியின் அளவு மாறுவதில்லை.

சரி, வெளியே தள்ளக்கூடிய அந்தச் சிறு மிச்சம் எது? இதில் மிகக் கூர்மையான வரையறையைத் தருவது மருத்துவச் சாதனங்களின் பயன்பாட்டுப் பொறியியலுக்கான, அதாவது பயனர் பிழையின்றிக் கையாளும்படி வடிவமைப்பதற்கான, ஐஇசி 62366-1. பலருக்கு அதிர்ச்சி தரும் ஒரு பிரிவினையை அது செய்கிறது: சரியான பயன்பாடு, பயன்பாட்டுப் பிழை ஆகிய இரண்டையும் ‘இயல்பான பயன்பாடு’ என்ற ஒரே கூரையின் கீழ் வைக்கிறது. அதாவது, ஒரு செவிலியர் தவறான பொத்தானை அழுத்துவதும், பத்துக்குப் பதிலாக நூறு என்று உள்ளிடுவதும், ஒரு படியை மறந்து தாண்டிவிடுவதும் அந்தத் தரநிலையின் பார்வையில் இயல்பானவை. பிழை செய்வது மனித இயல்பு என்ற பொதுவான ஆறுதல் மொழி அல்ல இது. அந்தப் பிழைகள் அனைத்தும் வடிவமைப்பாளரின் கணக்கில் வரும் என்ற ஒப்பந்தம். இயல்புக்கு மாறான பயன்பாடு என்று ஒதுக்க வேண்டுமானால் இரண்டு நிபந்தனைகள் சேர்ந்து நிறைவேற வேண்டும். செயல் தெரிந்தே, வேண்டுமென்றே இயல்பான பயன்பாட்டை மீறியதாக இருக்க வேண்டும். அதோடு, பயனர் இடைமுகத்தின் வழியாகத் தயாரிப்பாளர் எடுக்கக்கூடிய நியாயமான நடவடிக்கை எதுவும் அதற்கு மேல் மிச்சம் இல்லாதிருக்க வேண்டும்.

இரண்டாவது நிபந்தனையைத்தான் எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். வேண்டுமென்றே செய்தார் என்று நிரூபித்தாலும், அதைத் தடுக்க நம்மிடம் நியாயமான வழி ஒன்று இருந்திருந்தால் அது இன்னும் நம் கணக்கில்தான் இருக்கிறது.

மருத்துவக் குழாய் இணைப்பிகள் இதற்கு நல்ல உதாரணம். இரத்தநாளவழி ஊசிமருந்துக் குழாய், உணவு செலுத்தும் குழாய், முதுகுத்தண்டு வழி மருந்து செலுத்தும் குழாய் எல்லாவற்றுக்கும் நீண்ட காலமாக லூயர் எனப்படும், ஊசிக்குழல் முனையில் மாட்டும் ஒரே வகை இணைப்பியே பயன்பட்டு வந்தது. இரத்தநாளத்துக்குள் போக வேண்டிய மருந்து முதுகுத்தண்டுக்குள் போவதும், வயிற்றுக்குள் போக வேண்டிய திரவ உணவு இரத்தநாளத்துக்குள் போவதும் மீண்டும் மீண்டும் நடந்தன, உயிர்களும் போயின. ஒவ்வொரு முறையும் ‘இணைத்தவரின் தவறு’ என்று எழுதிக் கோப்பை மூடிவிட முடிந்தது. ஐஎஸ்ஓ 80369 வரிசை தரநிலைகள் அந்தப் பாதையை விட்டுவிட்டு, ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் இணைப்பியின் வடிவத்தையே வேறாக்கின. உணவுக் குழாயின் முனை இரத்தநாளக் குழாயின் முனையில் பொருந்தாது. களைத்துப்போன ஒருவர் நள்ளிரவில் தவறாக இணைக்க முயன்றாலும் முடியாது என்ற நிலை வந்தபின், அவர் கவனமாக இருந்தாரா என்ற விசாரணைக்கே தேவை குறைந்துவிடுகிறது.

ஒரே செயல் ஒருவர் செய்யும்போது ஊகிக்கத்தக்கதாகவும் இன்னொருவர் செய்யும்போது அதற்கு அப்பாற்பட்டதாகவும் இருக்கக்கூடும். துணி துவைக்கும் திரவ சோப்பு அடைத்த சிறு குளிகைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பளிச்சென்ற நிறம், கையில் அடங்கும் அளவு, அமுக்கினால் நெகிழும் தன்மை. ஒரு சிறு குழந்தைக்கு மிட்டாயிலிருந்து இதைப் பிரித்தறிய எந்தக் காரணமும் இல்லை. குழந்தை அதை வாயில் போட்டுக் கடிப்பது, தயாரிப்பாளர் கருதாத பயன்பாடு என்பதில் ஐயமில்லை. ஊகிக்க முடியாததா என்றால், அந்தப் பொருளை ஒரு நிமிடம் கையில் வைத்துப் பார்த்தாலே ஊகித்துவிடலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் 1297/2014 என்ற எண்ணுள்ள ஒழுங்குவிதியில் இதற்கு அளவுகளையே விதித்தது: வெளிப்பெட்டி உள்ளே இருப்பதைக் காட்டாத ஒளிபுகாப் பொருளால் ஆனதாக இருக்க வேண்டும், குளிகையின் கரையும் உறையில் வாயில் பட்ட 6 நொடிகளுக்குள் துப்பவைக்கும் கசப்புப் பொருள் சேர்க்கப்பட வேண்டும், 20 பாகை செல்சியஸ் நீரில் குறைந்தது 30 நொடிகள் உறை திரவத்தைத் தாங்க வேண்டும், குறைந்தது 300 நியூட்டன் அமுக்கு விசைக்கு உடையாதிருக்க வேண்டும். குழந்தை எடுக்கும், அமுக்கும், கடிக்கும், துப்பும் என்ற நடத்தை வரிசை ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் இருப்பதைப் பார்க்கலாம்.

2018-இல் பதின்ம வயதினர் சிலர் இதே குளிகைகளைச் சவால் என்ற பெயரில் காமிராவின் முன் கடித்து இணையத்தில் பரப்பினார்கள். உடலுக்குள் நடக்கும் வேதியியல் ஒன்றுதான். ஆனால் அந்தப் பதினாறு வயதுக்காரருக்கு இது சோப்பு என்று தெரியும், தீங்கு என்றும் தெரியும், அதனால்தான் கடிக்கிறார். கசப்பைக் கூட்டினால் சவாலின் மதிப்பு கூடுமே தவிரக் குறையாது. என் மதிப்பீட்டில் இது இயல்புக்கு மாறான பயன்பாட்டின் எல்லைக்கு மிக அருகில் இருக்கிறது. ஆனாலும் ஒரு நிபந்தனையோடுதான் சொல்வேன்: குழந்தைகளுக்காக எடுக்க வேண்டிய நடவடிக்கைகளை எடுத்து முடித்த தயாரிப்பாளருக்கு மட்டுமே இந்த வாதம் உரியது.

இப்போது டேப் ஒட்டிய ஸ்விட்சுக்கு வருவோம். மூடி திறந்தால் இயந்திரத்தை நிறுத்தும் இத்தகைய இன்டர்லாக் சாதனங்களுக்கென்றே ஐஎஸ்ஓ 14119 என்ற தரநிலை இருக்கிறது. பாதுகாப்பை ஏமாற்றுவது அதில் தனிப்பொருளாகவே பேசப்படுகிறது. நியாயமாக ஊகிக்கத்தக்க முறையில் ஏமாற்றுவது என்றால் என்ன என்பதற்கு அது தரும் விளக்கம் மிக நடைமுறை சார்ந்தது: கையாலோ, எளிதில் கிடைக்கும் பொருளாலோ ஏமாற்றுவது. திருகாணி, ஊசி, தகட்டுத் துண்டு, நாணயம், சாவி, டேப், கம்பி என்று பட்டியலே உண்டு. உங்கள் பயனர்கள் கையாளும் பொருள் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கிறது. ஊகித்திருக்க முடியாது என்று வாதிட வழியே இல்லை.

அந்தத் தரநிலையின் சிறப்பு, தடுப்பதைப் பற்றிப் பேசும் முன் ஏன் ஏமாற்றுகிறார்கள் என்று கேட்கச் சொல்வது. இயந்திரத்தின் ஒவ்வொரு வேலையையும் ஒவ்வொரு இயக்க நிலையையும் எடுத்துக்கொண்டு, மூடி மூடியிருக்கையில் இந்த வேலையைச் செய்யவே முடியுமா, மூடியைத் திறந்துவைத்தால் வேகம் கூடுகிறதா, பார்வை தெளிகிறதா, அலைச்சல் குறைகிறதா என்று மதிப்பிடும் அட்டவணை ஒன்று அதன் பின்னிணைப்பில் உண்டு. என் கருத்தில், முழுத் தரநிலையிலும் அதிகம் பயன்படக்கூடிய பகுதி அதுவே. குறைவாகப் படிக்கப்படுவதும் அதுவாகத்தான் இருக்கும். ஜெர்மனியின் தொழில் விபத்துக் காப்பீட்டு அமைப்புகளின் கூட்டமைப்பு 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உலோகத் தொழில் இயந்திரங்களின் பாதுகாப்புச் சாதனங்களில் சுமார் 37 விழுக்காடு தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ ஏமாற்றப்படுவதாக மதிப்பிடப்பட்டது. மூன்றில் ஒன்றுக்கு மேல் என்றால் அது சில ஒழுங்கற்ற தொழிலாளர்களின் குணக்கேடாக இருக்க முடியாது. அந்த இயந்திரங்களைக் கொண்டு செய்ய வேண்டிய வேலைக்கும், அவற்றுக்குப் போடப்பட்ட வேலிக்கும் ஒத்துப்போகவில்லை என்றுதான் பொருள்.

உங்கள் இயந்திரத்தில் பயனர் எதற்காக மூடியைத் திறந்துவைக்கிறார் என்று நேரில் நின்று பாருங்கள். சிக்கிய பொருளை எடுக்கவா, கத்தியின் இடைவெளியைச் சரிபார்க்கவா, அல்லது உள்ளே என்ன நடக்கிறது என்று வெறுமனே பார்க்கவா? பார்ப்பதற்காகத்தான் என்றால் ஒளி ஊடுருவும் மூடி ஒன்று பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். சரிசெய்வதற்காக என்றால், மூடி திறந்த நிலையில் குறைந்த வேகத்தில், பொத்தானை அழுத்தியிருக்கும் வரை மட்டும் இயங்கும் தனி நிலை ஒன்றைக் கொடுக்கலாம். ரோபோக்களோடு வேலை செய்பவர்கள் கையில் பிடித்திருக்கும் மூன்று நிலை அனுமதி ஸ்விட்ச் இதில் நான் மிகவும் ரசிக்கும் கருவி: நடுநிலையில் பிடித்திருந்தால் மட்டும் இயக்கம் நடக்கும்; விட்டாலும் நிற்கும், பதற்றத்தில் இறுக்கிப் பிடித்தாலும் நிற்கும். அதிர்ச்சியடைந்த மனிதன் கையை உதறுவானா, இறுக்குவானா என்று முன்கூட்டியே தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு இரண்டுக்கும் விடை வைத்திருக்கிறார்கள்.

ஏமாற்றும் தூண்டுதலைக் குறைத்த பிறகும் மிச்சமிருப்பதற்குத்தான் ஏமாற்றுவதைக் கடினமாக்கும் வழிகள். சாதாரண உருளை ஸ்விட்சுக்குப் பதிலாகக் குறியீடு உள்ள இயக்கியை, அதாவது மூடியில் மாட்டியிருந்து தனக்குரிய ஸ்விட்சை மட்டும் இயக்கும் துண்டை, பொருத்தலாம். குறியீட்டில் 1000-க்கும் மேற்பட்ட வேறுபாடுகள் சாத்தியமாக இருந்தால் ஐஎஸ்ஓ 14119 அதை உயர்நிலைக் குறியீடு என்று வகைப்படுத்துகிறது, டேப்போ காந்தமோ அதனிடம் செல்லாது. ஸ்விட்சைக் கைக்கு எட்டாத இடத்தில் மறைத்து வைக்கலாம். அழுத்து இயந்திரங்களின் இருகைக் கட்டுப்பாடு இதற்குப் பழைய, நல்ல முன்மாதிரி. இரண்டு பொத்தான்களையும் இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும் என்று வைத்ததும், ஒரே கையின் இரு விரல்களாலும், பிறகு கையும் முழங்கையுமாகவும் அழுத்திப் பார்த்தார்கள் மனிதர்கள். ஐஎஸ்ஓ 13851 அதற்கு விடையாகத் தூரங்களைக் கொடுத்தது: ஒரு கையால் முடியாதிருக்கக் குறைந்தது 260 மில்லிமீட்டர், கையும் முழங்கையுமாக முடியாதிருக்க 550 மில்லிமீட்டர். ஒரு பொத்தானை நிரந்தரமாகக் கட்டிவைக்கும் தந்திரத்தை முறியடிக்க, இரண்டையும் 0.5 நொடிக்குள் சேர்த்து அழுத்தினால்தான் இயங்கும் என்ற நேர வரம்பும் உண்டு. தவறான பயன்பாட்டின் வரலாறே இந்த எண்களில் உறைந்திருக்கிறது.

அப்படியானால் கையேட்டின் எச்சரிக்கைக்கு மதிப்பே இல்லையா என்றால், உண்டு. ஆனால் அதன் இடம் மூன்றாவது. ஆபத்தை வடிவமைப்பிலேயே நீக்குவது முதலில், காப்புகளும் பாதுகாப்புச் சாதனங்களும் அடுத்து, பயனருக்கான தகவல் கடைசியில் என்ற வரிசையை வழிகாட்டி 51-உம் ஐஎஸ்ஓ 12100-உம் கட்டாயமாக்குகின்றன. மேலே இருக்கும் படிகளில் நியாயமாகச் செய்யக்கூடியதைச் செய்யாமல் கீழே இறங்கி எச்சரிக்கை எழுதுவது ஏற்கத்தக்கதல்ல. ஒரு செயலை ‘செய்யாதீர்கள்’ என்று கையேட்டில் எழுதுவது இன்னொரு பக்கவிளைவையும் கொண்டது: அந்தச் செயலை நீங்கள் முன்கூட்டியே ஊகித்திருந்தீர்கள் என்பதற்கு அதுவே எழுத்துப்பூர்வமான சாட்சியாகிவிடுகிறது. தடை வாசகம் பொறுப்பைக் கழற்றிவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பொறுப்புச் சட்டமும் தட்டுத்தடுமாறி இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் 1966-இல் ஏழாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் (வட்டாரம் வாரியாக அமைந்த கூட்டாட்சி நீதிமன்றங்களில் ஒன்று), மோதல்கள் நிகழும் என்று கார் தயாரிப்பாளரால் ஊகிக்க முடிந்தாலும், மோதுவது காரின் நோக்கத்தில் அடங்காது என்று கூறி ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தர்க்கப்படி பார்த்தால் அதில் பிழை காண்பது கடினம். யாரும் மோதுவதற்காகக் கார் வாங்குவதில்லை. 1968-இல் எட்டாவது வட்ட நீதிமன்றம் அதே நிறுவனத்துக்கு எதிரான இன்னொரு வழக்கில் நேர்மாறாகச் சொன்னது: மோதல் நோக்கம் அல்ல என்றாலும், சாலையில் ஓடும் வாகனத்தின் வாழ்வில் அது தவிர்க்க முடியாத பகுதி, ஆகவே மோதும்போது உள்ளிருப்பவர் அடையும் காயத்தைக் குறைக்கும் வகையில் வடிவமைக்க நியாயமான அக்கறை காட்ட வேண்டும். ஏழாவது வட்டமே 1977-இல் தன் பழைய நிலையைக் கைவிட்டது. இன்று மோதல் பாதுகாப்பு என்று நாம் பேசுவதற்கெல்லாம் சட்டத்தின் பக்கத்திலிருந்து அடித்தளமாக நிற்பது இந்த மாற்றம்தான்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வழக்குகள் எல்லையை இன்னும் தள்ளின. 1975-இல் மேரிலாண்ட் மாநிலத்தின் உச்ச நிலை நீதிமன்றம், மெழுகுவர்த்திக்கு மணமூட்டுவதற்காக எரியும் திரியின் அருகே வாசனைத் திரவத்தை ஊற்றியதால் நேர்ந்த தீக்காய வழக்கை விசாரித்தது. அந்தக் குறிப்பிட்ட செயலைத் தயாரிப்பாளர் ஊகித்திருக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் வைத்திருக்கும் எளிதில் தீப்பற்றும் திரவம் எப்படியோ ஒரு நாள் நெருப்பின் அருகே வரும் என்பதை ஊகித்தால் போதும் என்பது அதன் நிலைப்பாடு. வடிவமைப்பாளருக்கு இது மிகப் பயனுள்ள பாடம்: ஒவ்வொரு விசித்திரமான கதையையும் கற்பனை செய்ய வேண்டியதில்லை, ஆபத்தின் வகையை அடையாளம் கண்டால் போதும். 1980-இல் ஐந்தாவது வட்ட நீதிமன்றத்தின் முன் வந்தது, 85 மைல் வேகம் வரை மட்டுமே சோதிக்கப்பட்ட டயர்கள் பொருத்திய ஒரு காரை மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டியபோது டயர் பிரிந்து நிகழ்ந்த விபத்து. ஓட்டியவர் குடித்திருந்தார், வேகமும் சட்ட மீறல். ஆனாலும், அந்தக் காரின் ஈர்ப்பே அதன் ஆற்றலில்தான் இருந்தது என்பதால், அத்தகைய வேகம் ஊகிக்கத்தக்கதே என்று கூறி, எச்சரிக்காத தயாரிப்பாளர்களின் பொறுப்பை நீதிமன்றம் உறுதிசெய்தது.

இந்தக் கடைசி வழக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. உத்தேசித்த பயன்பாடு எது என்பதைக் கையேடு மட்டும் தீர்மானிப்பதில்லை. விளம்பரம், பெட்டியின் மேலுள்ள படம், கடையில் விற்பவர் காட்டும் செயல்விளக்கம், பொருளின் வடிவமே தரும் குறிப்பு எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன. கைப்பிடி போலத் தெரியும் பகுதியைப் பிடித்துத் தூக்குவார்கள். படி போலத் தெரிவதில் ஏறுவார்கள். விளம்பரப் படத்தில் மூடி திறந்த இயந்திரத்தின் அருகே புன்னகைத்தபடி ஒருவர் நிற்கிறார் என்றால், கையேட்டின் நான்காம் பக்க எச்சரிக்கையை எந்த நீதிபதியும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். சந்தைப்படுத்தும் பிரிவு என்ன வாக்களிக்கிறது என்று வடிவமைப்புப் பிரிவு பெரும்பாலும் பார்ப்பதே இல்லை என்பது இத்துறையின் நிரந்தரக் குறை.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. எல்லாவற்றையும் தடுத்துவிடுவோம் என்று இறங்கினால், தடுப்பே புதிய தவறான பயன்பாட்டைப் பிறப்பிக்கும். குழந்தைகள் திறக்க முடியாத மருந்துக் குப்பி மூடிகளைக் கட்டாயமாக்கும் சட்டம் அமெரிக்காவில் 1970-இல் வந்தது. முதியவர்களால் அவற்றைத் திறக்க முடியவில்லை. திறந்ததை மூடாமலே வைத்தார்கள், மாத்திரைகளை வேறு டப்பாவில் கொட்டி வைத்தார்கள், பேரக்குழந்தைகளுக்கு அவை இன்னும் எளிதாகக் கிடைத்தன. 1995-இல் சோதனை முறை திருத்தப்பட்டது: 42 முதல் 51 மாதம் வரையான குழந்தைகள் திறக்க முடியாதிருக்க வேண்டும் என்பதோடு, 50 முதல் 70 வயது வரையானவர்கள் திறந்து மூட முடியவும் வேண்டும் என்றானது. பாதுகாப்பு எளிதாக இருப்பதே பாதுகாப்பின் ஒரு பகுதி என்பதைச் சோதனை முறையிலேயே எழுதிவைத்த அரிய இடம் இது.

தானியங்கி ஓட்டுநர் உதவியில் இந்த விவாதம் இன்று இன்னும் சூடாக நடக்கிறது. ஐஎஸ்ஓ 21448-இன் 2022 பதிப்பு, அமைப்பில் எந்தக் கோளாறும் இல்லாதபோதே எழும் ஆபத்துகளைப் பேசுகிறது; ஊகிக்கத்தக்க தவறான பயன்பாடு அதன் மையக் கவலைகளில் ஒன்று. நன்றாகத் தானே ஓடும் காரில் ஓட்டுநர் சாலையிலிருந்து கண்ணை எடுத்துவிடுவார் என்பது ஒழுக்கக்கேடு அல்ல, எளிதில் ஊகிக்கத்தக்க மனித நடத்தை. ஸ்டியரிங்கில் கை இருக்கிறதா என்று சென்சார் வைத்தார்கள். கை இருப்பதுபோலக் காட்டும் எடைக்கட்டி ஒன்றை யாரோ விற்கத் தொடங்கினார்கள். 2018-இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் அந்த விற்பனையை நிறுத்த உத்தரவிட்டது. எடைக்கட்டியை வாங்கி மாட்டியவர் தெரிந்தே மீறியவர்தான். என்றாலும், கண்ணின் திசையைக் கவனிக்கும் காமிரா நியாயமான விலையில் கிடைக்கும் காலத்தில், ஐஇசி 62366-1 சொல்லும் அந்த இரண்டாவது நிபந்தனை நிறைவேறிவிட்டதாக என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. தொழில்நுட்பம் மலிவாக மலிவாக, ஒதுக்கக்கூடியவற்றின் பரப்பு சுருங்கிக்கொண்டே போகிறது. பத்தாண்டுகளுக்கு முன் நியாயமாக ஒதுக்கியது இன்று ஒதுக்கத்தக்கதல்ல.

1980-களின் நடுவில் ஆடி 5000 கார்கள் தாமாகவே பாய்ந்து செல்வதாக எழுந்த புகார்களும் இங்கே நினைக்கத்தக்கவை. 1989-இல் அதே பாதுகாப்பு நிர்வாகத்தின் ஆய்வு, பெரும்பாலும் ஓட்டுநர்கள் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதித்ததே காரணம் என்றது. பயனர் பிழை என்ற தீர்ப்பு கிடைத்துவிட்டது. ஆனால் தீர்வு ஓட்டுநர் பயிற்சியில் வரவில்லை. பிரேக்கை மிதித்தால் மட்டுமே பார்க்கிங் நிலையிலிருந்து கியரை நகர்த்த முடியும் என்ற பூட்டு வந்தது, பிற தயாரிப்பாளர்களுக்கும் பரவியது, பின்னர் சட்டமாகவும் ஆனது. குற்றம் வேறு, ஆபத்துக் குறைப்பு வேறு என்று மேலே சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

உண்மையிலேயே ஒதுக்கத்தக்கவை எவை என்றால், பிறரைத் தாக்கும் கருவியாகப் பொருளைப் பயன்படுத்துவது, தனிக்கருவியும் சிறப்பறிவும் கொண்டு பாதுகாப்பு மின்சுற்றைப் பிரித்து மாற்றுவது, நாசவேலை போன்றவை. அவற்றிலும், வலையமைப்போடு இணைந்த பொருள்களில் வெளியாள் ஊடுருவிப் பாதுகாப்புச் செயல்பாட்டைக் கெடுப்பதை இனி ஒதுக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய இயந்திர ஒழுங்குவிதி 2023/1230 அதைத் தனித் தேவையாகவே சேர்த்திருக்கிறது.

நடைமுறையில் நான் பரிந்துரைப்பது, ஒதுக்கிய ஒவ்வொன்றையும் மதிப்பீட்டு ஆவணத்தில் பெயர் சொல்லி எழுதி, இரண்டு நிபந்தனைகளும் எப்படி நிறைவேறின என்று அதன் எதிரே காரணம் காட்டுவது. எழுதத் தொடங்கினாலே பாதி உருப்படிகள் ஒதுக்கத்தக்கவை அல்ல என்று தெரிந்துவிடும். பொருள் சந்தைக்குப் போன பின் அந்தப் பட்டியலைத் திரும்பத் திறக்க வேண்டும்: ஒதுக்கிய ஒன்று களத்தில் இரண்டு மூன்று இடங்களில் நடக்கிறது என்று தெரிந்த கணமே அது ஊகிக்கத்தக்கதாகிவிட்டது, ஏனென்றால் இப்போது உங்களுக்குத் தெரியும். புகார்க் கடிதங்களில் மட்டும் தேடாதீர்கள். வேலை எளிதாக முடிகிறது என்றால் பயனர் எதற்காகப் புகார் எழுதப் போகிறார்? பழுதுபார்க்கப் போகும் உங்கள் தொழில்நுட்பர்களைக் கேளுங்கள், இணையத்தில் பயனர்கள் போடும் செய்முறைக் காணொளிகளைப் பாருங்கள். குறியீட்டு ஸ்விட்சுகளுக்கு மாறிய பின், உதிரி இயக்கிகளின் விற்பனைக் கணக்கையும் அவ்வப்போது எடுத்துப் பாருங்கள். ஓர் இடத்தில் இயந்திரங்களின் எண்ணிக்கைக்குப் பொருந்தாத அளவுக்கு அவை விற்றால், மூடியில் இருக்க வேண்டிய இயக்கி ஸ்விட்சிலேயே நிரந்தரமாகச் செருகப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.